ரூமைக் காலி செய்து மூணு வாரம் ஆச்சு... கார்டில் ரூ.3,360 எப்படிப் போச்சு?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீடு. முன்கட்டில் தறி, பின்கட்டில் அடுப்படி. இந்த வீட்டையும் இதில் இருப்பவர்களையும் ஓர் உதாரணத்துக்காக வைத்துக்கொள்வோம். ஆனால், இங்கே நடப்பது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான்.

ஆவணி முகூர்த்தத்துக்கான ஆர்டர்கள் கையில் இருக்கின்றன. ஜரிகை வாங்க வீட்டுப் பெரியவர் சூரத் போய்விட்டு வந்திருக்கிறார். காஞ்சிப் பட்டில் மின்னும் ஜரிகையில் பெரும்பங்கு குஜராத்தின் சூரத்தில் இருந்துதான் வருகிறது என்பது ஊரறிந்த விஷயம். போனார், மூணு நாள் தங்குவதாக ஹோட்டலில் ரூம் போட்டிருந்தார், வேலை சீக்கிரம் முடிந்ததால் ரெண்டே நாளில் திரும்பிவிட்டார்.

மூணு வாரம் கழித்து கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் வருகிறது. மகன் போனில் அதைத் திறந்து பார்க்கிறான்.

``நைனா, சூரத்துல ரூமுக்குக் காசு எப்படிக் கொடுத்தீங்க?''

``கூகுள் பேலதான்டா. கிளம்பும்போது ரூ.6,720 அனுப்பினேன். பில்லு கூட இருக்குதே.''

``அப்போ கார்டுல தனியா ரூ.3,360 போயிருக்கே... அது என்னது?''

பெரியவரிடம் பதில் இல்லை. ஸ்டேட்மென்ட்டில் அந்த ஹோட்டலின் பெயர்கூட இல்லை. ஏதோ `ஹாஸ்பிட்டாலிட்டி பிரைவேட் லிமிடெட்' என்று ஒரு கம்பெனிப் பெயரும், பக்கத்தில் `சூரத்' என்ற ஊர்ப் பெயரும் மட்டும்தான் இருக்கின்றன.

``மூவாயிரம்தானே, போனாப் போகுது'' என்று விடுவதா, ``ஒரு பைசா கட்ட மாட்டேன்'' என்று மொத்த பில்லையும் நிறுத்துவதா? பெரும்பாலான வீடுகளில் இந்த இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. இரண்டுமே நஷ்டம்தான். அதிலும் இரண்டாவது, பெரிய நஷ்டம்.

முதலில் அந்தத் தொகையைப் பாருங்கள்

புரியாத தொகை ஒன்று கார்டில் ஏறியிருந்தால், வங்கிக்கு போன் போடுவதற்கு முன்பு ஒரு கால்குலேட்டரை எடுங்கள். அந்த எண்ணே பல நேரங்களில் கதையைச் சொல்லிவிடும்.

2025 செப்டம்பர் 22-ம் தேதி முதல், நாள் வாடகை ரூ.7,500 வரை உள்ள ஹோட்டல் அறைகளுக்கு ஜி.எஸ்.டி 5 சதவிகிதம். அதற்கு முன்பு 12 சதவிகிதமாக இருந்தது. ரூ.7,500-க்கு மேற்பட்ட அறைகளுக்கு 18 சதவிகிதம். ஆக, சந்தேகத்துக்குரிய தொகையை 1.05-ஆல் வகுத்துப் பாருங்கள். 3,360-ஐ 1.05-ஆல் வகுத்தால் 3,200. பெரியவர் கையில் இருக்கும் பில்லில் ஒரு நாள் வாடகை எவ்வளவு? அதே ரூ.3,200. இரண்டு நாளுக்கு ரூ.6,400, வரி ரூ.320, மொத்தம் ரூ.6,720.

ஆக, இது திருடன் எடுத்த காசு இல்லை. தங்காத மூன்றாவது நாளுக்கு ஹோட்டல் எடுத்த வாடகை.

இந்த ஒரு கணக்கு முக்கியம். ஏனென்றால், `யாரோ என் கார்டைத் திருடிவிட்டார்கள்' என்று புகார் கொடுப்பதற்கும், `ஹோட்டல் என்னிடம் கூடுதலாக எடுத்துவிட்டது' என்று புகார் கொடுப்பதற்கும் வழிகள் வேறு, விதிகள் வேறு, கெடு வேறு. தவறான கதவைத் தட்டினால், ஒரு மாதம் கழித்து `இது மோசடி அல்ல' என்று புகாரை மூடிவிடுவார்கள். அதற்குள் சரியான கதவும் சாத்தியிருக்கும்.

எல்லாத் தொகையும் இவ்வளவு சுலபமாகப் பிடிபடாது. ஐம்பது, நூறு என்று சில்லறையாக, அதுவும் ரூம் போட்டு இரண்டு மூன்று நாள் கழித்து ஏறியிருந்தால், ரூம் பதிவு செய்த இணையதளம் வெளிநாட்டில் பதிவான நிறுவனமா என்று பாருங்கள். நீங்கள் ரூபாயிலேயே கட்டியிருந்தாலும், வாங்கியவர் வெளிநாட்டு நிறுவனம் என்றால் சில வங்கிகள் அதற்கென ஒரு கட்டணமும், அந்தக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி-யும் போடுகின்றன. அதற்கு ஹோட்டலைத் திட்டிப் பயனில்லை.

பின் நம்பர் போடாமல் எப்படி எடுத்தார்கள்?

இந்தக் கேள்விதான் எல்லோருக்கும் வரும். நியாயமான கேள்வியும்கூட.

2009 ஆகஸ்ட் முதலே, இந்தியாவுக்குள் கார்டு எண்ணை இணையத்தில் தட்டிப் பணம் கட்ட வேண்டும் என்றால், ஓ.டி.பி போன்ற கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். 2022 அக்டோபர் முதல், கடைக்காரர்கள் உங்கள் கார்டு எண்ணைத் தங்கள் கம்ப்யூட்டரில் சேமித்து வைக்கவும் கூடாது. அப்படியிருக்க, பெரியவர் ரயிலேறிய பிறகு ரூ.3,360 எப்படிப் போனது?

விடை, அவர் உள்ளே நுழைந்த நாளில் இருக்கிறது. ரிசப்ஷனில் ஆதார் நகலுடன் கார்டையும் வாங்கினார்கள். மெஷினில் சொருகி, ``பின் போடுங்க சார்... காசு எடுக்கலை, சும்மா ஹோல்டுதான்'' என்றார்கள். அவரும் போட்டார்.

அந்த `சும்மா ஹோல்டு'க்கு ப்ரீ ஆதரைசேஷன் என்று பெயர். கார்டு லிமிட்டில் ஒரு தொகையை ஹோட்டல் பிடித்து வைக்கிறது. பணம் கை மாறுவதில்லை. ஆனால், அந்தத் தொகை வரைக்கும் பிற்பாடு எடுத்துக்கொள்ள, பின் நம்பர் போட்ட அந்த நொடியிலேயே நீங்கள் சம்மதம் கொடுத்துவிட்டீர்கள். கிளம்பும்போது பில் தொகையை அதிலிருந்து எடுத்துக்கொண்டு மீதியை விடுவிப்பார்கள். விடுவித்த தொகை கார்டில் திரும்பத் தெரிவதற்குச் சில நாள்கள் ஆகும்.

நம் பெரியவர் செய்தது என்ன? ஹோல்டு கார்டில் இருக்க, பில்லை கூகுள் பேயில் கட்டினார். ``அந்த ஹோல்டை எடுத்துட்டீங்களா?'' என்று கேட்கவில்லை. அது அப்படியே உயிரோடு இருந்தது. மூணு நாள் புக்கிங்கில் ஒரு நாள் பாக்கி என்று ஹோட்டலின் கம்ப்யூட்டர் காட்ட, அடுத்த நாள் யாரோ ஒரு கணக்குப்பிள்ளை பட்டனைத் தட்டிவிட்டார்.

அன்றைக்கே வங்கியில் இருந்து எஸ்.எம்.எஸ்-ஸும் வந்திருக்கும். லோன் வேண்டுமா, பாலிசி வேண்டுமா என்று வந்து விழும் ஐம்பது மெசேஜுக்கு நடுவே அதை யார் பார்த்தது?

ஹோட்டல்காரர் பக்கமும் ஒரு நியாயம்

இதைக் காஞ்சிபுரத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏனென்றால், வெளியூர் போனால் விருந்தாளி, உள்ளூரில் இருந்தால் விடுதிக்காரர் என்று இரண்டு வேஷமும் கட்டும் ஊர் இது.

2019-ல் அத்தி வரதர் எழுந்தருளிய 48 நாள்களை நினைத்துப் பாருங்கள். 1979-க்குப் பிறகு 40 ஆண்டுகள் கழித்து வந்த வைபவம். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை ஊரே திணறியது. அந்த மாதிரி நேரத்தில் ஒருவர் ரூம் போட்டுவிட்டு வராமல் போனால், அந்த அறையைக் கேட்டு வந்த பத்து குடும்பங்களைத் திருப்பி அனுப்பிய லாட்ஜ்காரருக்கு அது நேரடி நஷ்டம். அவ்வளவு பெரிய கூட்டம் வேண்டாம், வைகாசி பிரம்மோற்சவத்தில் கருட சேவை அன்று இதே நிலைதான். முகூர்த்தத்துக்குப் பட்டெடுக்கக் குடும்பத்தோடு வருகிறோம் என்று இரண்டு ரூம் சொல்லிவிட்டு, கடைசியில் காலையில் வந்து சாயங்காலமே சென்னை திரும்பிவிடுகிறவர்கள் எத்தனை பேர்? எழுபத்தைந்து கிலோமீட்டர்தானே என்று போய்விடுவார்கள். அறை காலியாகக் கிடக்கும்.

அதனால்தான் `வராவிட்டாலும் ஒரு நாள் வாடகை', `முன்கூட்டியே காலி செய்தாலும் முழுத் தொகை' என்று நிபந்தனைகள் வந்தன. அவை பதிவு செய்யும்போது வந்த இ-மெயிலிலோ, ரிசப்ஷனில் அவசரமாகக் கையெழுத்துப் போட்ட பதிவுச் சீட்டிலோ பொடி எழுத்தில் இருக்கும். நம் பெரியவர் கையெழுத்திட்ட சீட்டில் அப்படி ஒரு வரி இருந்தால், அந்த ரூ.3,360 திரும்பி வருவது கஷ்டம். அந்த வரி இல்லையென்றாலோ, `ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் கட்டணம் இல்லை' என்று எழுதியிருந்து, அவர் சொல்லிவிட்டும் வந்திருந்தாலோ, காசு அவருடையது. முக்கியமாக இன்னொன்று: கிளம்பும்போது ஹோட்டல் கொடுத்த பில்லில் `பாக்கி: இல்லை' என்று இருந்தால், அது அவர் கையில் இருக்கும் பலமான ஆயுதம்.

எனவே, சண்டைக்கு முன்பு அந்த மெயிலைத் தேடிப் படிப்பது நல்லது. பதிவு செய்த செயலியிலேயே `கேன்சலேஷன் பாலிசி' என்று இருக்கும்.

முதல் கடிதம் ஹோட்டலுக்கு

போனில் பேசுவது சுலபம். ஆனால், போனில் பேசியது சாட்சிக்கு நிற்காது. `நான் அந்த ஷிப்ட்ல இல்லை சார்' என்பார்கள். ஹோட்டல் பில்லில் இருக்கும் இ-மெயிலுக்கு நாலு வரி எழுதினால் போதும். ஆங்கிலம் வராதே என்று தயங்க வேண்டாம். வீட்டுப் பிள்ளைகள் யாராவது எழுதித் தருவார்கள். இலக்கணம் யாரும் பார்க்கப் போவதில்லை, தேதியும் தொகையும் சரியாக இருந்தால் சரி.

எழுத வேண்டியது இதுதான்: இன்ன தேதியில் இருந்து இன்ன தேதி வரை, இன்ன எண் அறையில் தங்கினேன். ரூ.6,720 முழுவதும் கட்டிவிட்டேன், பில் இணைத்திருக்கிறேன். இன்ன தேதியில் கடைசி நான்கு எண்கள் இன்னவாக உள்ள என் கார்டில் ரூ.3,360 எடுத்திருக்கிறீர்கள். இது எதற்கு என்று விவரமான பில்லும், நான் கையெழுத்திட்ட சீட்டின் நகலும் அனுப்புங்கள். காரணம் இல்லையென்றால் ஏழு நாளுக்குள் திருப்பிப் போடுங்கள்.

கோபம், சாபம், `சோஷியல் மீடியாவில் போட்டுவிடுவேன்' எல்லாம் இதில் வேண்டாம். கார்டின் முழு எண்ணையும், பின்புறம் இருக்கும் மூன்று இலக்க சி.வி.வி-யையும் மறந்தும் எழுதக் கூடாது.

ஹோட்டலின் தொலைபேசி எண்ணை கூகுளில் தேடி எடுக்கவும் கூடாது. `ரீஃபண்டு அனுப்புகிறோம், இந்த ஆப்பை டவுன்லோடு செய்யுங்கள்' என்று சொல்பவர்கள் அங்கேதான் காத்திருக்கிறார்கள். 2025 ஏப்ரலில், யாத்திரை போகிறவர்களைக் குறிவைத்து விடுதி, ஹெலிகாப்டர் டிக்கெட் பெயரில் நடக்கும் போலி முன்பதிவு மோசடிகள் பற்றி மத்திய உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையமே எச்சரிக்கை வெளியிட்டது. மூவாயிரத்தைத் தேடிப் போய் முப்பதாயிரத்தை விட்டவர் கதை ஆகிவிடக் கூடாது. பணம் அப்படிப் போய்விட்டால், உடனே 1930-க்கு அழைக்க வேண்டும்.

ஹோட்டல் வாய் திறக்கவில்லை என்றால்..?

இப்போதுதான் வங்கி. கிரெடிட் கார்டுக்கு என்று இருக்கும் பெரிய வசதியே இதுதான். யு.பி.ஐ-யில் நீங்களே அனுப்பிய பணத்தை, `கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்' என்று திரும்ப வாங்குவது அவ்வளவு லேசில்லை. கிரெடிட் கார்டில் `சார்ஜ்பேக்' என்று ஒரு வழி இருக்கிறது.

நீங்கள் உங்கள் வங்கியிடம் மறுப்பு தெரிவிக்கிறீர்கள். வங்கி அதை விசா, மாஸ்டர்கார்டு, ரூபே என்று கார்டில் எந்த முத்திரை இருக்கிறதோ அந்த நெட்வொர்க் வழியாக, ஹோட்டலுக்கு ஸ்வைப்பிங் மெஷின் கொடுத்த வங்கிக்கு அனுப்புகிறது. அந்த வங்கி ஹோட்டலிடம் ஆதாரம் கேட்கிறது. கையெழுத்திட்ட சீட்டு, பில், நிபந்தனை எல்லாவற்றையும் ஹோட்டல் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தொகை உங்கள் கணக்குக்குத் திரும்பும். காட்டினால், அதை வைத்து உங்கள் வங்கி முடிவு சொல்லும்.

இதற்குப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு என்றாலும், கார்டு ஒப்பந்தங்களில் வங்கிகள் அதைவிடக் குறைவான கெடு வைத்திருப்பது வழக்கம். ஸ்டேட்மென்ட் வந்த வாரத்திலேயே சொல்லிவிடுவது பாதுகாப்பு. பெரும்பாலான வங்கிகளின் செயலியில் அந்தப் பரிவர்த்தனை மீதே தட்டினால் `டிஸ்ப்யூட்' என்று வரும். அதில் காரணம் கேட்கும் இடத்தில் `நான் செய்யாத பரிவர்த்தனை' என்பதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. `வேறு வழியில் பணம் கட்டிவிட்டேன்' அல்லது `கூடுதலாக எடுத்துவிட்டார்கள்' என்பதுதான் நம் பெரியவருக்குப் பொருந்தும். இங்கே தவறாகத் தட்டிவிட்டுத்தான் பலர் தோற்கிறார்கள்.

கிரெடிட் கார்டுகளுக்காக ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்டு, அந்த ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன. ஒரு பில்லை வாடிக்கையாளர் மறுத்தால், புகார் கொடுத்த நாளில் இருந்து 30 நாளுக்குள் வங்கி விளக்கம் தர வேண்டும்; தேவைப்படும் இடத்தில் ஆவண ஆதாரமும் தர வேண்டும். `செட்டில் ஆன பரிவர்த்தனை, ஒன்றும் செய்ய முடியாது' என்று கஸ்டமர் கேரில் சொல்வது விளக்கம் ஆகாது. புகார் எண்ணை வாங்கி, ஜரிகைக் கணக்கு எழுதும் அதே நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள்.

நிஜமான திருட்டு என்றால்..?

மேலே சொன்னது ஹோட்டலோடு தகராறு. சூரத் பக்கமே போகாதவர் கார்டில் சூரத் ஹோட்டல் பில் ஏறினால், அது வேறு கதை. அங்கே மணிக்கணக்கு முக்கியம். முதலில் கார்டை பிளாக் செய்ய வேண்டும், அப்புறம்தான் மற்றது.

2017 ஜூலை 6-ம் தேதியிட்ட ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைதான் இதற்கு அடிப்படை. உங்கள் தவறும் இல்லை, வங்கியின் தவறும் இல்லை, நடுவில் எங்கோ ஓட்டை என்றால், வங்கியிடம் இருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூடப் பொறுப்பு இல்லை. நான்கில் இருந்து ஏழு வேலை நாளுக்குள் என்றால், ரூ.5 லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கு அதிகபட்சம் ரூ.10,000 வரையும், அதற்கு மேல் லிமிட் உள்ள கார்டுக்கு ரூ.25,000 வரையும் நீங்கள் ஏற்க நேரிடலாம். ஏழு நாள் தாண்டினால், வங்கி தன் கொள்கைப்படி முடிவெடுக்கும். புகார் செய்த 10 வேலை நாளுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்குத்தான்.

ஆனால், ஓ.டி.பி-யை நீங்களே யாரிடமாவது சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் வரைக்கும் போனது உங்கள் கணக்கில்தான்.

மறுபடியும் அந்த எஸ்.எம்.எஸ் விஷயத்துக்கு வர வேண்டியிருக்கிறது. மூன்று நாள் என்ற கணக்கு, ஸ்டேட்மென்ட்டை நீங்கள் சாவகாசமாகப் பிரித்துப் பார்த்த நாளில் இருந்து ஓடுவதில்லை. மெசேஜ் வந்த நாளில் இருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. வீட்டில் வயதானவர்கள் பெயரில் கார்டு இருந்தால், வங்கியின் இ-மெயில் தகவல் பிள்ளைகளும் பார்க்கிற முகவரிக்கு வரும்படி மாற்றி வைப்பது உதவும்.

பில்லை நிறுத்தினால் என்ன ஆகும்?

நம் பெரியவர் ரோஷக்காரர். அந்த மாத கார்டு பில் மொத்தம் ரூ.28,000 என்று வைத்துக்கொள்வோம். ``ரூ.3,360 தகராறு தீராம ஒத்த ரூபாய் கட்ட மாட்டேன்'' என்கிறார். மகன் தடுக்க வேண்டிய இடம் இதுதான்.

கார்டு பாக்கிக்கு மாதம் 3 சதவிகிதத்துக்கு மேல் வட்டி போடுவது இங்கே சாதாரணம். ஆண்டுக் கணக்கில் 40 சதவிகிதத்தைத் தொடும், தாண்டும். வருடத்துக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதையும், உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20-ல் ரத்து செய்துவிட்டது. ஆக, உச்சவரம்பு என்று ஒன்று இல்லை. கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால், தாமதக் கட்டணமும் போடலாம், `பாக்கிதாரர்' என்று சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தெரிவிக்கலாம்.

ரூ.3,360-க்காகச் சிபில் ஸ்கோர் இறங்கினால் யாருக்கு அடி? நாளைக்கு இன்னொரு தறி போட, பாவு பட்டு வாங்க, பெண் கல்யாணத்துக்கு என்று லோன் கேட்டு வங்கிப் படியேறும்போது, மேனேஜர் முதலில் பார்ப்பது அந்த மூன்று இலக்க எண்ணைத்தான். நெசவுத் தொழிலில் காசு சுழல்வதே கடனில்தான். ஒரு சேலை தறியில் இருந்து இறங்கி, கடைக்குப் போய், விற்று, பணம் கைக்கு வருவதற்குள் எத்தனை வாரம்! அந்த இடைவெளியை நிரப்புவதே வங்கிக் கடன் என்று இருக்கும் வீட்டில், ஸ்கோர் என்பது அடுத்த மாத அடுப்பு.

தகராறு இல்லாத மீதி ரூ.24,640-ஐக் கெடுவுக்குள் முழுதாகக் கட்டிவிட வேண்டும். அந்த ரூ.3,360? மோசடி என்று மறுத்த தொகைக்கு, தீர்வு வரும் வரை எந்தக் கட்டணமும் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதியே சொல்கிறது. ஹோட்டலோடான இது மாதிரித் தகராறுகளில் வங்கிக்கு வங்கி நடைமுறை மாறும். `இந்தத் தொகையை இப்போது கட்டாமல் வைத்தால் வட்டி போடுவீர்களா?' என்று மெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வராமல் கெடு நெருங்கினால், அதையும் கட்டிவிட்டுச் சண்டையைத் தொடர்வதே புத்திசாலித்தனம். கட்டிவிட்டால் உரிமை போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். மறுப்பை எழுத்தில் பதிவு செய்திருந்தால் அப்படிப் போகாது. ஜெயித்தால் அடுத்த ஸ்டேட்மென்ட்டில் வரவாக வரும்.

ஏற்கெனவே ஸ்கோரில் தவறாக ஏறிவிட்டதா? கடன் தகவல் நிறுவனத்திடம் திருத்தம் கேட்டு மனு போடலாம். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உண்டு. 2024 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருக்கும் இந்த விஷயம் பலருக்குத் தெரியாது.

ரெண்டு வாழைப்பழம் ரூ.442.50

ஹோட்டல் பில்லைக் கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நாடறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2019 ஜூலையில் நடிகர் ராகுல் போஸ், சண்டிகரில் ஜே.டபிள்யூ மேரியட் ஹோட்டலில் தங்கியிருந்தபோது இரண்டு வாழைப்பழம் கேட்டார். வந்த பில், ரூ.442.50. பழத்துக்கு ரூ.375, அதன் மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி ரூ.67.50. அவர் அதை வீடியோவாகப் போட, நாடே சிரித்தது. சண்டிகர் கலால் மற்றும் வரித்துறை சிரிக்கவில்லை. வரிவிலக்கு உள்ள பழத்துக்கு வரி போட்டதாகச் சொல்லி, ஹோட்டலுக்கு ரூ.25,000 அபராதம் போட்டது.

அங்கே மாட்டியது பழத்தின் விலை இல்லை, வரி. விலையை ஹோட்டல் தன் இஷ்டத்துக்கு வைக்கலாம், மெனுவில் சொல்லிவிட்டால் போதும். சொல்லாததைச் சேர்ப்பதும், போடக் கூடாத வரியைப் போடுவதும்தான் குற்றம். பில்லை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

`சர்வீஸ் சார்ஜ்' என்ற வரியும் இந்த ரகம். ஜி.எஸ்.டி மாதிரி அரசாங்கத்துக்குப் போகும் காசு என்று நினைத்துப் பலர் கட்டிவிடுகிறார்கள். அது ஹோட்டலுக்கே போகும் காசு. அதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹோட்டல் சங்கங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்து, சங்கங்களின் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. டிப்ஸ் என்பது நீங்களாக விரும்பிக் கொடுப்பது. பில்லில் இருந்தால் ``எடுத்துடுங்க'' என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

வங்கியும் கைவிரித்தால்..?

30 நாள் ஆகியும் வங்கி பதில் சொல்லவில்லை, அல்லது சொன்ன பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பர் 12 முதல் நாடு முழுவதற்கும் ஒரே திட்டமாக இது நடக்கிறது. எந்த ஊர்க் கிளை, எந்த எல்லை என்ற கேள்வியெல்லாம் இல்லை. ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ் இணையதளத்தில் புகார் பதியலாம். இணையம் வராதவர்கள், சண்டிகரில் இருக்கும் மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். வங்கியிடம் முதலில் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை. போனில் மட்டும் பேசிக்கொண்டிருந்தவர்கள் இங்கே வந்துதான் முழிக்கிறார்கள்.

தகராறு வங்கியோடு இல்லை, ஹோட்டலோடுதான் என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல நிறுவனங்கள் இந்த அழைப்பு வந்ததுமே இறங்கி வந்துவிடுவது உண்டு. அப்படியும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சூரத் ஹோட்டல் மீது வழக்குப் போட சூரத்துக்கு ரயிலேற வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். ரூ.5 லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணமும் இல்லை. 2025 ஜனவரியில் இருந்து `இ-ஜாக்ரிதி' இணையதளம் வழியாக வீட்டில் இருந்தே தாக்கல் செய்யலாம்.

ரூ.3,360-க்கு வழக்கு வரை போவதா என்பது அவரவர் பொறுமையைப் பொறுத்தது. உண்மையைச் சொன்னால், பெரும்பாலான விவகாரங்கள் அதுவரை போகாது. முதல் மெயிலிலோ, வங்கியின் மறுப்புப் படிவத்திலோ முடிந்துவிடும். ஹோட்டலில் அந்தப் பட்டனைத் தட்டிய ஆளுக்குக்கூட, எதற்குத் தட்டினோம் என்று ஞாபகம் இருக்காது.

அடுத்த தடவை ஜரிகை வாங்கப் போகும்போது...

ரூம் போடும்போது `ஹோட்டலில் வந்து பணம் கட்டுகிறேன்' என்று இருந்தாலும், கேன்சலேஷன் நிபந்தனையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளலாம். கார்டில் ஹோல்டு வைத்தால் எவ்வளவு தொகை என்று கேட்டு, மெஷினில் வரும் சிலிப்பை வாங்கி பர்ஸில் போட்டுக்கொள்ளலாம். கிளம்பும்போது அதே கார்டிலேயே பில்லைக் கட்டுவது நல்லது. அப்போது ஹோல்டும் பில்லும் ஒரே கணக்கில் முடிந்துவிடும். முன்னதாகக் கிளம்பினால், அதை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

2020 மார்ச் முதல், வெளிநாட்டுப் பரிவர்த்தனை, இணையப் பரிவர்த்தனை, தொட்டுக் கட்டும் வசதி இவை ஒவ்வொன்றையும் வாடிக்கையாளரே ஆன், ஆஃப் செய்துகொள்ளும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. வங்கிச் செயலியில் அந்தப் பக்கத்தைப் போய்ப் பாருங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனை யாருக்கும் தெரியாமல் `ஆன்' என்று இருக்கலாம். சிங்கப்பூர் மகள் வீட்டுக்குப் போன வருஷம் போட்டது, இன்னும் அப்படியே கிடக்கும்.

அப்புறம், ரிசப்ஷனில் சாவியைக் கொடுத்துவிட்டு ஆட்டோவைப் பார்க்கத் திரும்பும் முன்பு ஒரு கேள்வி: ``ஹோல்டை விட்டுட்டீங்களா? அந்த சிலிப்பையும் குடுத்துடுங்க.''